புயல் வருது... தாத்தா கட்டிலில் இருக்காரே!

குட்டீஸ்... கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால், கடப்பாக்கம் வரும். பக்கத்திலேயே ஆலம்பரைக் கோட்டை. பார்க்க அழகான இடம் தான். ஆனால், கார்த்திகை பிறந்தால், அங்கே எல்லாருடைய காதும் வானிலை அறிவிப்பின் மேலேயே இருக்கும்!

2012ல், 'நீலம்' புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவில், 'மாண்டஸ்' புயலும் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தன. 2011ல் 'தானே'யும், 2024ல் 'பெஞ்சல்' புயலும் புதுச்சேரி பக்கம். நடுவில் மாட்டிக் கொண்டது கடப்பாக்கம்!

புயல் என்றதும் பால், பிஸ்கட், மெழுகுவர்த்தி வாங்கி வைப்போம். சரி, எழுந்து நடக்க முடியாமல் கட்டிலில் இருக்கும் தாத்தாவுக்கு?

தமிழகத்தில், 2021 ஆகஸ்டில் துவங்கிய, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சாலையில் மரம் விழுந்தால், மாத்திரை கொண்டு வருபவர் எப்படி வருவார்? 108 ஆம்புலன்சும் தான் எப்படி வரும்? அதனால், ஒரு வாரத்துக்கான மாத்திரையை முன்பே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். 'எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார்' என்று கிராம நிர்வாக அலுவலரிடமும், செவிலியரிடமும் முன்னதாகவே பெரியவர்கள் சொல்லி விட வேண்டும். பாதுகாப்பு மையத்துக்குப் போவதென்றால், காற்று வீசத் துவங்கும் முன் போவது தான் நல்லது. கொட்டும் மழையில் கட்டிலைத் தூக்கிக் கொண்டு ஓட முடியுமா?

அடுத்தது, கரன்ட். மூச்சுத் திணறல் உள்ள சிலருக்கு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருக்கும். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிரித்து விட்டு, ஆக்சிஜனைக் கொடுக்கும். கரன்ட் போனால் நின்று விடும்; ஆகவே, சிலிண்டர் ஒன்று தயாராக இருக்க வேண்டும். இருட்டாயிற்றே என்று அதன் அருகே மெழுகுவர்த்தி ஏற்றினால்... ஆபத்து! ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் தீ சட்டென்று பற்றிப் பரவும். டார்ச் லைட் மட்டும் தான். படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையும், கரன்ட் இல்லாவிட்டால் மெல்ல இறங்கி விடும். அப்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாத்தாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

பாட்டிக்கு இன்சுலின் ஊசியா? பிரிட்ஜ் ஓடாதே என்று அதை ஐஸ் கட்டிக்குள் புதைத்து விடாதீர்கள். உறைந்து போன இன்சுலின் வீண். நம் ஊரில் மண்பானை இருக்கிறதே! மருந்தை ஒரு டப்பாவில் மூடி, ஈரப் பானைக்குள் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். இதில் ஒரு வேடிக்கை... பானை நீர் ஆவியானால் தான் குளிரும். மழை நாளில் அது அவ்வளவாக ஆவியாகாது. ஆனால், அன்று வெயிலும் இருக்காதே! மழை விட்டு வெயில் அடிக்கும், கரன்ட் மட்டும் வராது... அந்த நாட்களில் தான் பானைக்கு வேலை.

ஊசி போடுவதும், இயந்திரத்தைத் திருகுவதும் பெரியவர்கள் வேலை. உங்களுக்கும் வேலை உண்டு. மருந்துகளின் பெயர், வேளை, ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் போன் நம்பர், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077... எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, கட்டிலருகே தொங்க விடுங்கள்.

அப்புறம், உங்கள் விளையாட்டு விசிலைத் தாத்தாவிடம் கொடுங்கள். புயல் இரைச்சலில் அவர் கூப்பிடுவது கேட்காது; விசில் கேட்கும். காற்று ஓய்ந்த பிறகு திருப்பி வாங்கிக் கொள்ளலாம்... அவர் கொடுத்தால்!