முள்ளந்தண்டின் வளைவும் நோவும்: கதிர்ப்படம் காட்டுவனவும் காட்டாதனவும்

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்த ஒருவரின் எக்ஸ்-கதிர்ப்படத்தைக் காண்போர், இத்துணை வளைவுடையவர் எவ்வளவு நோவுறுவார் என எண்ணுதல் இயல்பு. ஆயின், பெரிய வளைவுடையோர் பலர் தம் தொழிலைத் தடையின்றிச் செய்ய, சிறிய வளைவுடையோர் சிலர் சிறிது தூரம் நடக்கவும் இயலாதிருத்தலை மருத்துவர் காண்கின்றனர். வயதுவந்தோரில் படத்துக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை இங்கு நோக்குவோம். சத்திரசிகிச்சை வேண்டுமா என்னும் வினாவுக்கான விடை இத்தொடர்பிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

வளைவை அளக்கும் முறையை 1948 இல் அமெரிக்க மருத்துவர் ஜோன் கொப் விளக்கினார். வளைவின் மேலெல்லையிலும் கீழெல்லையிலும் மிகச் சாய்ந்து நிற்கும் முள்ளென்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, அவற்றிடைக் கோணத்தைப் பாகையில் அளப்பதே அம்முறை. வளரும் பிள்ளைகளில் வளைவு கூடுகின்றதா என அறிய இது சிறந்த கருவி; ஒரே படத்தை இருவர் அளப்பின் ஏறத்தாழ 5 பாகை வேறுபாடு தோன்றக்கூடும் என்பதை மட்டும் மனங்கொள்ளல் வேண்டும். வயதுவந்தோரின் நோவுக்கும் இக்கோணத்தையே அளவுகோலாகக் கொண்டமைதான் குழப்பத்துக்கு வித்திட்டது என்பது எமது கருத்து.

வளைவுக்கும் நோவுக்கும் தொடர்பே இல்லை என்பதும் தகாது. இளமையில் பக்கவளைவு காணப்பட்டுச் சிகிச்சை பெறாத 117 பேரை ஏறத்தாழ 50 ஆண்டுகளின் பின் ஆராய்ந்த ஐயோவாப் பல்கலைக்கழகத்தினர், தம் முடிவுகளை 2003 இல் வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 61 பேர் நாட்பட்ட முதுகுநோவு உடையோர். ஒப்பீட்டுக் குழுவிலோ நூற்றுக்கு 35 பேர். எனினும், நோவுற்றோரிற் பெரும்பாலோர்க்கு அது சிறிதாகவோ நடுத்தரமாகவோ இருந்தது.

நோவோடு மேலும் நெருங்கிய உறவுடையது முன்வளைவு. பக்கத்திலிருந்து எடுத்த படத்தில், கழுத்தின் ஏழாம் முள்ளென்பின் நடுவிலிருந்து தூக்குநூல் போன்று ஒரு கோடு இறக்கப்படும். அது திருவென்பின் பின்மேல் மூலைக்கு எவ்வளவு முன்னே விழுகின்றதோ, அவ்வளவு உடல் முன்தள்ளியுள்ளது. 2005 இல் கிளாஸ்மனும் உடனாய்வாளரும் 752 நோயாளரை ஆராய்ந்து, இக்கோடு முன்னேற முன்னேற நோயாளரின் நலநிலை குன்றுதலைக் காட்டினர். கூன் என்று தமிழர் பெயரிட்டு வழங்கியது இதனையே.

காரணம் விளங்கத்தக்கதே. உடல் முன்சாயும்போது விழாது நிற்க முதுகுத்தசைகள் ஓயாது உழைக்கின்றன. இடுப்பு பின்னோக்கிச் சுழல்கின்றது. அதுவும் போதாதாயின் முழங்கால்கள் மடிகின்றன. இவ்வாறு ஈடுசெய்து நிற்பவரின் படத்தில் தூக்குக்கோடு ஏறத்தாழ உரிய இடத்திலேயே விழலாம். அவர் படும் பாடு மறைந்துவிடும். ஆகவேதான் இடுப்பின் சாய்வையும் உடன் அளக்கின்றனர். முழங்கால் தெரியாத படம் அரைப்படமே.

படுத்த நிலையில் எடுக்கும் காந்தப் பரிவுப் படத்தில் உடற்பாரம் முள்ளந்தண்டை அழுத்துவதில்லை. வளைவு குறைந்தே தோன்றும். அப்படம் காட்டும் இடைத்தட்டுக் குறைபாடுகளையும் எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும். முதுகுநோவு இல்லாத 98 பேரை அவ்வாறு படமெடுத்த 1994 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், நூற்றுக்கு 52 பேரிடம் ஓரிடத்திலேனும் இடைத்தட்டுப் புடைப்பு இருந்தது.

படமும் நோவும் மிக நெருங்கிப் பொருந்துவது நரம்பு நெருக்குண்ட இடத்திலாகும். வளைவின் உட்குழிந்த பக்கத்தில் நரம்பு வெளியேறும் வழி ஒடுங்குகின்றது. நிற்கையிலும் நடக்கையிலும் அந்நரம்பின் வழியே காலில் நோவு இறங்கி, அமர்ந்ததும் தணியுமாயின், அதே பக்கத்தில் அதே மட்டத்தில் ஒடுக்கம் உளதா என்றே மருத்துவர் முதலில் தேடுவார்.