ஒப்படைத்த வேலைக்குப் பின்வாசல் கூடாது

கடப்பாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டிச் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, ஒரு காலத்தில் துறைமுகமும் நாணயச்சாலையுமாக இருந்த இடம். 1750-இல், ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இதைப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் உதவிக்குக் கைமாறாகப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். பத்து ஆண்டுகளில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இதைப் போர்க்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அன்றைய புதுச்சேரியை ஒரு வியாபார நிறுவனமாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. தன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த தலைவர், அந்த ஒப்படைப்பைத் தானே பலவீனமாக்கிய கதை அது.

1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த டூப்ளேயின் அன்றாடக் கவலை துணி. வியாபாரிகளுக்கு முன்பணம் தர வேண்டும், அவர்கள் நெசவாளர்களிடம் சரக்கைத் திரட்ட வேண்டும், கப்பல் புறப்படுவதற்குள் பொதிகள் வந்து சேர வேண்டும். எந்த வியாபாரி நாணயமானவர், யார் முன்பணத்தை வேறு வழியில் செலவழிப்பவர் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் துபாஷி. மொழிபெயர்ப்பாளர் என்று அந்தப் பதவியைச் சுருக்கிவிட முடியாது. கொள்முதல், பேரம், பஞ்சாயத்து, நவாபுகளுக்கு எழுதும் கடிதம் எல்லாம் அவர் கையில்தான்.

தலைமைத் துபாஷி கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பாக்கு வியாபாரி, ‘ஆனந்தப் புரவி’ என்ற கப்பலுக்குச் சொந்தக்காரர், வட்டாரத்தின் ஒவ்வொரு வணிகரையும் அறிந்தவர். ஆள் தேர்வில் டூப்ளே தவறவில்லை. ஆனால் முறையான நியமனம் 1747-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வேலை பிள்ளையிடம், பதவி யாரிடமும் இல்லை. அந்த இடைவெளியில் வேறு ஆட்களுக்கான சிபாரிசுகள் நுழைந்தன. நம் ஊர்க் கம்பெனிகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். ‘நீ பார்த்துக்கோ’ என்று முதலாளி தனியறையில் சொல்லிவிடுவார், மற்றவர்களிடம் சொல்ல மாட்டார். பொறுப்பேற்றவர் ஒவ்வொரு மேசையிலும் தன் அதிகாரத்தை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பதவி வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. கவர்னரின் மனைவி ழான் டூப்ளே புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர், கூர்மையானவர். அவர் தனியாக ஒற்றர்களை வைத்திருந்தார், தனியாகக் கடிதப் போக்குவரத்து நடத்தினார், நியமனங்களில் தலையிட்டார். பிள்ளை 1736-இல் தொடங்கி சுமார் 25 ஆண்டுகள் எழுதிய நாட்குறிப்பில் இதைப் பற்றிய மனக்குமுறல் திரும்பத் திரும்ப வருகிறது. துபாஷியிடம் காரியம் ஆகாதவர்கள் அம்மாவிடம் போகலாம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் துபாஷியின் சொல்லுக்கு என்ன மதிப்பு? முசாபர் ஜங் பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் என்ற முகலாயப் பட்டமும் செங்கல்பட்டுக் கோட்டையின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பொறுப்பும் தந்தார். வெளியே பட்டங்கள் கூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் உள்ளே அவருடைய அதிகாரம் கசிந்துகொண்டிருந்தது. டூப்ளே மனைவியைத் தடுக்கவுமில்லை, பிள்ளையை விலக்கவுமில்லை. ஒரே வேலைக்கு இரண்டு வாசல் திறந்து வைத்ததுதான் அவர் செய்த பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். பிரெஞ்சு ஆட்சி வீழ்ந்ததற்கு அது காரணம் என்று சொல்ல மாட்டேன், அதற்குக் காரணங்கள் வேறு பல.

இன்று ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே கரையேறும் படகுகளில், ஒப்படைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. படகின் சொந்தக்காரர் கரையில் இருக்கலாம், வலையை எங்கே இறக்குவது என்பதைக் கடலில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ் செலவு கழித்து மீதி பங்காகிறது. தீர்மானித்தவருக்கும் அதன் லாப நஷ்டத்தில் பங்கு உண்டு என்பதால் கரையிலிருந்து கண்காணிக்க வேண்டிய தேவை குறைகிறது.

இத்தகைய ஒப்படைப்பைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பயின்றவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்று முதலில் பிரித்தார்கள். நோயைக் கண்டறிவது, அறுவை செய்வது. பார்வை அளப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, அறுவைக்குத் தயார்படுத்துவது ஆகியவை, பள்ளிப்படிப்பு முடித்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களிடம் போயின. அதற்கு அவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அந்தப் பெண் எடுத்த பார்வை அளவை மருத்துவர் மறுபடி முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் இந்த ஏற்பாடு அன்றே நின்றுவிடும். 2006-இல் வெங்கடசாமி காலமானார். மருத்துவமனை அதன் பிறகும் வளர்ந்தது, சென்னைக்கும் வந்தது.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதியோ இரும்புக்கடையோ நடத்துபவர்களில் பலர், தாம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சின்னது. மேலாளரிடம் எவ்வளவு ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம் என்று தொகையைச் சொல்லுங்கள், அதை மற்ற ஊழியர்கள் முன்னால் சொல்லுங்கள். எதை உடனே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், எதை வாரக்கடைசியில் தெரிவித்தால் போதும் என்பதையும் சேர்த்து. பிறகு பழைய வாடிக்கையாளர் ஒருவர் உரிமையோடு உங்களுக்கே போன் செய்து, ‘உங்க ஆள் விலை குறைக்க மாட்டேங்கிறாரு, நீங்க சொல்லுங்கண்ணே’ என்பார். ‘அவர் சொன்னதுதாங்க விலை’ என்று சொல்லிவிட்டு வையுங்கள். அன்றைக்கு அந்த வியாபாரம் போனாலும் போகட்டும்.