குவளையைக் கீழே வைக்கும் சுவாதீனம்

கோலகுபு பாருவிலிருந்து தஞ்சோங் மாலிமை நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில், கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீலமாய்த் தெரிய, முன்னொரு காலம் ரப்பரும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் நிறைந்த நிலப்பரப்பின் நடுவே அமைந்த சிற்றூர் கெர்லிங். இத்தகைய தோட்டப்புற ஊர் ஒன்றில், சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமை மாலையில், சீனர் காப்பிக்கடை மேசையொன்றில் இரண்டு நண்பர்கள் அமர்ந்து, ஐஸ் போட்ட கண்ணாடிக் குவளைகளில் பீரை ஊற்றி, கடலையைக் கொறித்தபடி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கோயில் திருவிழாவைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதாக மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் ஆளுக்கு இரண்டு பெரிய போத்தல் குடிக்கிறார்கள். இருவரும் நிதானமாகவே எழுந்து, பணத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டுச் செல்கிறார்கள். பார்த்தவர் எவருக்கும் இருவரிடையே யாதொரு பேதமும் தெரிவதில்லை.

ஆனால் முதலாமவர் வீட்டுக்குச் சென்று, சாப்பிட்டுவிட்டு உறங்கி, அடுத்த கல்யாணமோ திருநாளோ வரும்வரை பீரைப் பற்றிய நினைவே இல்லாமல் இருந்துவிடுகிறார். இரண்டாமவரோ கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு டின்னை முடித்துவிட்டு வந்தவர். திரும்பும் வழியில் இன்னும் இரண்டு டின் வாங்கி மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, மனைவி உறங்கும் நேரத்துக்காகக் காத்திருப்பவர். மேசையின்மேல் நின்ற போத்தல்களை எண்ணிப் பார்த்து இவ்விருவரையும் ஒருவன் வேறுபடுத்த முயன்றால் அவன் தோல்வியே அடைவான். பீரை ரசிப்பதற்கும் பீருக்கு அடிமையாவதற்கும் உள்ள பேதம் முதன்மையாகச் சுவாதீனத்தைப் பற்றியது. குவளையைக் கீழே வைக்கும் சுதந்திரம் மனிதனிடம் இருக்கிறதா, குவளையிடம் போய்விட்டதா என்பதே அங்கே எழும் கேள்வி.

நம் மரபு இவ்விரண்டு நிலைகளையும் அறிந்திருந்தது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், கள் சிறிதளவே இருந்தால் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாக இருந்தால் தம்மைப் பாடச் செய்து தானும் உடன் மகிழ்ந்து உண்பான் என்றும் அவனை நினைந்து அவர் உருகுகிறார். கடைசிக் கிண்ணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட முடிந்தவன் அவன். அதே தமிழ்தான் திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஒரு முழு அதிகாரத்தையே வகுத்துத் தந்தது. பகிர்ந்துண்ட கிண்ணத்தைப் பாடிய மொழியே, ஒளித்துண்ணும் கிண்ணத்தின் கேட்டையும் எடுத்துரைத்தது.

மலாயாத் தோட்டங்களில் இந்த விஷயம் தனிமனிதருடைய சுபாவத்தோடு மட்டும் நின்றதில்லை. பால்வெட்டுக்கென்று நம்மவர் கொண்டுவரப்பட்ட நாள்களிலிருந்தே, லயன் வீடுகளுக்குச் சமீபத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோயிற்று. அதனாலேயே 1941-ஆம் ஆண்டு சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கூலி உயர்வோடும் மரியாதையான நடத்தையோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் தொழிலாளரின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. யுத்தம் முடிந்தபின் 1947-இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்துப் போராடியபோது, போலீசாரோடு மோதல் நேர்ந்து உயிரும் போயிற்று. குடியின் தீமையை வெளியிலிருந்து ஒருவர் வந்து நமக்குப் போதித்ததில்லை. அதை அனுபவித்தவர்களே எழுந்து நின்று மூடச் சொன்னார்கள்.

எனினும் கள்ளுக்கு ஓர் இயற்கையான வரம்பு இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். தென்னம்பாளையில் வடிந்த சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. அடுத்த நாளே மேலும் புளித்துக் காடியாகும் வழியில் போய்விடுகிறது. அதைப் பதுக்கி வைக்க இயலாது. கடைக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று ஒழுங்கு இருந்தது. பின்னர் பரவிய சம்சு அந்த வரம்பை உடைத்தது. அது மலிவான விலைக்குச் சிறு போத்தலில் கிடைத்த கடுஞ்சாராயம், சட்டைப்பைக்குள் அடங்கியது, கள்ளைவிடப் பல மடங்கு வலிமை உடையது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர், அவர்களுள் பிழைப்புக்காக வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் பலர், உயிரிழந்த கொடுமையை நாம் இன்னும் மறக்கவில்லை.

சம்சுவின் இந்தக் கெட்ட பெயரே பீருக்கு ஒரு நல்ல பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். "நான் சம்சு தொடறதில்லை, பீர்தானே" என்று நம் அண்ணன்மார் சொல்லும் வார்த்தையில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. நூற்றுக்கு ஐந்து பங்கு மதுச்சாரம் உள்ள பீரில், 320 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய பன்னிரண்டரை கிராம் மதுச்சாரம் இருக்கிறது. 640 மில்லி பெரிய போத்தலில் இருபத்தைந்து கிராம். நாற்பது பங்கு வலிமையுள்ள விஸ்கியில் முப்பது மில்லி ஊற்றினால் அதில் இருப்பது ஒன்பதரை கிராம்தான். ஆகவே ஒரு பெரிய போத்தல் பீர் குடித்தவர், இரண்டரை அளவு விஸ்கி குடித்தவருக்குச் சமம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் ஏழெட்டு கிராமை மட்டுமே கரைக்க வல்லது. அதன்படி இரண்டு பெரிய போத்தலைக் கரைக்க ஆறேழு மணி நேரம் வேண்டும். நள்ளிரவில் முடித்துவிட்டு விடியற்காலைப் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறவரின் இரத்தத்தில் மது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 அக்டோபர் முதல் மலேசியச் சட்டம் வாகனமோட்டிக்கு அனுமதிக்கும் அளவு நூறு மில்லி இரத்தத்தில் ஐம்பது மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

அளவு ஒரு புறம் இருக்க, அடிமைத்தனத்தின் லட்சணங்கள் எவை என்பதை வைத்தியர்கள் நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். 1976-இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்னும் இருவர் அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினர். குடிக்கும் விதம் நாளுக்கு நாள் ஒரே மாதிரியாகச் சுருங்கிப்போவது அவற்றுள் முதலாவது. ரசிப்பவர் கல்யாணத்தில் ஒரு விதமாகவும், நண்பர் வீட்டில் ஒரு விதமாகவும், வேலை நாளில் அறவே இல்லாமலும் இருப்பார். அடிமைப்பட்டவருக்கோ எல்லா நாளும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அளவு. பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சி, கோயில் கூட்டம், உறவினர் வீட்டுத் துக்கம் ஆகிய யாவும் குடிக்கும் நேரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வது இரண்டாவது. முன்பு ஒரு போத்தல் தந்த கிளர்ச்சிக்கு இப்போது மூன்று தேவைப்படுவதும், இல்லாத காலையில் கை நடுங்குவதும், அந்த நடுக்கம் தீர மீண்டும் குடிப்பதும் அடுத்தவை. "அவனுக்கு எவ்வளவு குடிச்சாலும் ஏறாது" என்று நாம் பெருமையாகச் சொல்லும் குணம், வைத்தியர் கண்ணுக்கு அபாய அறிகுறியாகும்.

இந்த லட்சணங்களுள் மிக நுட்பமானது, விட்டுத் திரும்புகையில் வெளிப்படுவது. நம்மவர் பலர் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பத்துமலையில் காவடி எடுக்கிறார்கள். அந்நாள்களில் மதுவை நினைப்பதும் இல்லை. அது மெய்யான பக்தி. அதை நான் வணங்குகிறேன். ஆனால் "நாற்பத்தெட்டு நாள் விட்டேனே, நான் எப்படி அடிமை ஆவேன்?" என்று அதையே அத்தாட்சியாகக் காட்டும்போதுதான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. விரதம் முடிந்தபின் மெதுவாக ஒன்றைச் சுவைத்து நிறுத்திக்கொள்பவர் ஒருவர். இரண்டு மூன்று நாளுக்குள் பழைய அளவுக்கே போய் நிற்பவர் மற்றொருவர். விடமுடிந்ததைக் காட்டிலும், திரும்பியபின் எவ்வளவு விரைவாகப் பழைய இடத்துக்கு வந்துசேர்ந்தோம் என்பதே உண்மையைச் சொல்லும் சாட்சி.

ஆத்ம பரிசோதனைக்கு எளிய கருவியொன்றும் உண்டு. ஜான் யூயிங் என்ற வைத்தியர் வகுத்த நான்கு கேள்விகள் அவை. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது உங்களுக்கே தோன்றியதுண்டா? உங்கள் குடியைப் பற்றிப் பிறர் பேசியபோது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததை எண்ணி மனம் குறுகியதுண்டா? காலையில் எழுந்ததும் நரம்பு அடங்கவோ, முந்தின இரவின் அவஸ்தை தீரவோ குடித்ததுண்டா? இவற்றுள் இரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தால் வைத்தியரைக் கலந்தாலோசிப்பது விவேகம். உலக சுகாதார நிறுவனமும் பத்துக் கேள்விகள் கொண்ட பரீட்சையொன்றை வகுத்திருக்கிறது. நாற்பது மதிப்பெண்ணில் எட்டும் அதற்கு மேலும் பெற்றால் எச்சரிக்கை என்று அது சொல்கிறது. இந்தக் கேள்விகளை மனைவிக்கு எதிரில் உரக்கப் படித்து, முதல் பதிலை அவர் சொல்லும்படி விட்டால், விடை இன்னும் சத்தியமாக இருக்கும்.

ரசிப்பவர்களும் ஒன்றை அறிந்திருப்பது தர்மம். மதுபானம் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே உறுதிசெய்துவிட்டது. உடம்புக்கு நல்லது என்று பிரசவித்த பெண்ணுக்கு ஸ்டவுட் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. தாய் குடித்த மது தாய்ப்பாலில் கலக்கிறது என்பதை அறிந்தபின் அதை நாம் கைவிட்டே ஆக வேண்டும். மிதமாகக் குடிப்பவர் குடிநோயாளி அல்லர் என்பது உண்மை. அதனால் மது மருந்தாகிவிடாது என்பதும் உண்மை.

குடும்பத்தார்க்கும் ஒரு வார்த்தை. கணவருக்குக் காய்ச்சல் என்று தோட்டத்துக் கிராணியிடம் பொய் சொல்லும் மனைவியும், கடனை ஓசைப்படாமல் அடைக்கும் தாயும் அன்பினாலேயே அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் அந்த அன்பு நோயைப் பார்வையிலிருந்து மறைத்து அதற்கு ஆயுளை நீட்டித்துக் கொடுக்கிறது. கணவரைக் குடியினால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் சிகிச்சை நிலையம், நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்கு அழைப்பது இதை உணர்ந்துதான். 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் இன்று மலேசியாவிலும் நடைபெறுகின்றன. அங்கே யாரும் பெயரைக் கேட்டு அவமானப்படுத்துவதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகியவர், வைராக்கியத்தில் ஒரே நாளில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வியர்வையும் நடுக்கமும் தூக்கமின்மையும் முதலில் தோன்றி, வலிப்பு வந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து புத்தி தடுமாறும் நிலையும் ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. முறையான மருந்தும், பி1 உயிர்ச்சத்தும், வைத்தியரின் கண்காணிப்பும் இருந்தால் அந்தச் சில நாள்களைப் பத்திரமாகக் கடந்துவிடலாம். மாலை போட்டு விரதம் தொடங்குபவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, நம் மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்துவிட்ட இக்காலத்தில், கள்ளுக்கடைக்கு முன் மறியல் செய்ய வழியில்லை. பீர் வீட்டின் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. கடைக்கு இருந்த பூட்டு இனி மனிதனுடைய மனத்தில்தான் இருக்க வேண்டும். அந்தப் பூட்டு உடைந்துபோனவரைக் கேலி செய்யாமல், ஒதுக்காமல், நோயாளி என்று மதித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வது சுற்றத்தாரின் கடமை. கெர்லிங்கிலிருந்து கோலகுபு பாரு அரசாங்க மருத்துவமனை தூரமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் மலேசியப் பிரஜைக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு டின் பீர் அந்த விலைக்குக் கிடைக்காது. உங்கள் அண்ணனோ, மச்சானோ, தந்தையோ இன்று குவளையைக் கீழே வைக்க முடியாமல் தவித்தால், இந்த வாரமே அவருடன் நீங்களும் கூடப் போங்கள்.