மாதிரிப் போர் விமானங்களும் தூசியும்: துடைக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

அரச மலேசிய ஆகாயப்படை நூரி ஹெலிகாப்டரை 1968 முதல் 2020 வரை வைத்திருந்தது. மிக்-29 போர் விமானங்கள் 1995இல் வந்து, 2017இல் விடைபெற்றன. ஸ்கைஹாக் அவற்றுக்கும் முன்பே போய்விட்டது. இவற்றை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே வழி 1:72, 1:48 அளவு மாதிரிகள்தாம். ஜொகூரில் அந்த ஆசைக்குக் காரணங்கள் உண்டு. தரைப்படையின் வான்பிரிவுத் தளம் குளுவாங்கில் இருக்கிறது. 1942 ஜனவரியில் எண்டாவ் கடலோரம் வந்திறங்கிய ஜப்பானியரைத் தடுக்கப் போன பிரிட்டனின் வில்டபீஸ்ட் இரட்டை இறக்கை விமானங்கள் பெரும் இழப்புடன் திரும்பியதும் இந்த மாநிலத்தின் வரலாறுதான்.

ஒரு மாதிரிக்குச் சில நூறு ரிங்கிட்டும் பல வார உழைப்பும் போகின்றன. அதன்மீது தூசி செய்யும் சேதம் மெதுவானது. தூசியைத் துடைக்கப் போகும் கை செய்யும் சேதமோ நொடியில் முடிந்துவிடும். சேகரிப்பைக் காப்பதற்கு மூன்று வேலைகள் உண்டு: தூசியை உள்ளே விடாதிருப்பது, வந்ததைச் சரியாக எடுப்பது, பிறர் தவறால் நட்டம் வந்தால் சட்டப்படி கேட்பது.

தூசி எங்கிருந்து வருகிறது?

பாதி வெளியிலிருந்து. சாலை, கட்டுமானம், திறந்தவெளியில் குப்பை எரிப்பது, ஆண்டு தவறினாலும் திரும்பி வரும் புகைமூட்டம். 2013 ஜூன் 23 காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. அன்று மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாள்களில் சன்னல் இடுக்கு வழியாகவும் நுண்துகள் உள்ளே வரும்.

மீதிப் பாதி நம் வீட்டுக்குள்ளேயே உருவாகிறது. துணி நார், தோல் துகள், இவற்றோடு சமையலறைத் தாளிப்பின் எண்ணெய்ப் புகை, சாமி மேடையின் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. சாதாரணத் தூசி தூரிகைக்கு வந்துவிடும். எண்ணெய்யும் புகையும் கலந்த தூசி பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பில்லாத மேட் பூச்சு சொரசொரப்பானது என்பதால் இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். போர் விமான மாதிரிகள் பெரும்பாலும் மேட் பூச்சு கொண்டவை. இதற்கு மேல் ஜொகூரின் ஈரக்காற்று. ஈரத்தை உறிஞ்சிய தூசியில் பூஞ்சணம் பிடித்தால், மாதிரிமீது ஒட்டும் சின்னப் படமான டெக்காலில் கறை விழும்.

எனவே, சாமி மேடையும் சமையலறை வாசலும் அலமாரிக்கு எதிரே இல்லாதபடி இடம் பாருங்கள். நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம். வெயிலில் டெக்காலின் நிறம் மங்கும்.

செய்யக் கூடாதவை

- தின்னர், நெயில் பாலிஷ் அகற்றும் திரவம்: இவற்றில் இருக்கக்கூடிய அசிட்டோன் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஆல்கஹால் அக்ரிலிக் பெயின்ட்டை உரித்துவிடும். இரண்டும் எளிதில் தீப்பற்றும்.
- அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்: விமானி அறையின் ஒளிபுகும் மூடியிலும் அக்ரிலிக் பெட்டியிலும் இதைத் தெளிக்காதீர்கள். மேல்பூச்சு கலங்கும், மயிர்க்கோடாக வெடிப்பு விழும்.
- கணினிக்கு விற்கும் அழுத்தக் காற்றுக் குப்பி: பலவற்றில் இருப்பது காற்றே இல்லை, திரவமாக்கப்பட்ட வாயு. சில வகை தீப்பற்றும். குப்பியைச் சாய்த்தால் உறைகுளிர்த் திரவம் பீய்ச்சியடித்துத் தோலைப் புண்ணாக்கும், பெயின்ட்டையும் கெடுக்கும். அந்த வாயுவை மூச்சில் இழுத்தால் இதயம் நின்று உயிர் போகலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.
- வாயால் ஊதுவது: எச்சில் துளி புள்ளியாகக் காயும். கிளம்பும் தூசி உங்கள் மூக்குக்கே வரும்.
- உலர்ந்த துணியால் தேய்ப்பது: பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் ஏறி, துடைத்த இடமே முன்பைவிட அதிகமாகத் தூசியை இழுக்கும். துணியின் நூல் சிக்கி ஆன்டெனாவும் மூக்குக் குழாயும் முறியும்.

வெள்ளைத் தூள் தெரிந்தால் கவனம்

பழைய உலோக மாதிரிகளிலும், கிட்டில் வரும் வெள்ளை உலோகச் சக்கரத் தண்டுகளிலும் ஈயம் கலந்திருக்கலாம். மூடிய மரப்பெட்டியில், அதிலும் புதுப் பலகையில் செய்த பெட்டியில், மரம் விடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்தூளாக்கும். பெட்டி மூலைகளை அடைக்கப் பூசும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் அதே ஆவியைத்தான் விடுகிறது.

அந்தத் தூளைத் தூசி என்று எண்ணித் தட்டினால் ஈயம் காற்றில் பரவும். சிறு பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்து. கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து, ஈரத் தாளால் ஒற்றியெடுத்து, தாளை உறையில் கட்டிப் போடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த மாதிரியை அரிப்புக்குக் காரணமான பெட்டிக்கே திரும்ப அனுப்பாதீர்கள்.

தடுப்பது, துடைப்பது

முதல் செலவு கண்ணாடிக் கதவு அலமாரிக்கு. கதவு இடுக்கில் நுரைப் பட்டை ஒட்டினால் பெரும்பகுதித் தூசி வெளியே நின்றுவிடும். வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்: ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள சுகோய்-30 1:72இல் 30 சென்டிமீட்டர்தான், 1:48இல் 46 சென்டிமீட்டருக்கு நீளும். நூரியின் உடல் சிறிதாகத் தோன்றினாலும் அதன் சுழல் விசிறி 1:72இலேயே 26 சென்டிமீட்டர் விட்டம் கேட்கும்.

இறுக மூடிய அலமாரியில் ஈரம் தங்கும். ஈரமானியும் சிலிக்கா ஜெல் பையும் வைத்து, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்படி பாருங்கள். நீலநிற சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உண்டு. ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள்.

சுத்தம் செய்யும் நாளில் முதலில் தரையை ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி அலமாரிக்கே போகும். மாதிரியை எடுக்கும்போது இறக்கை நுனியையோ வாலையோ பிடிக்காமல் உடலின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். முகப்பவுடர் பூசும் மிருதுவான தூரிகையால் மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரே திசையில் வருடுங்கள். கேமரா வில்லைக்குப் பயன்படும் ரப்பர் ஊதி இடுக்குகளுக்கு உதவும். தூசி உறிஞ்சியை வைத்தால் அதன் வாயில் நைலான் காலுறையைக் கட்டுங்கள். உதிர்ந்த உறுப்பு உள்ளே போகாமல் துணியில் நிற்கும். இரட்டை இறக்கை விமானங்களின் கம்பிகளுக்கு நடுவே ஓவியம் தீட்டும் சிறு தூரிகையைத் தவிர வேறு எதையும் நுழைக்காதீர்கள்.

எண்ணெய்த் தூசி போகவில்லையென்றால், வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பைக் கலந்து, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் வயிற்றுப் புறத்தில் சோதியுங்கள். டெக்கால் மேல் தெளிவுப் பூச்சு இல்லையென்றால் அந்த இடத்தை நனைக்காதீர்கள், டெக்கால் கிளம்பிவிடும். பல்லி எச்சத்தை அன்றே ஒற்றியெடுங்கள். காய்ந்தால் கறை பெயின்ட்டோடு சேர்ந்துவிடும்.

புகைமூட்ட நாள்களில் அலமாரியைத் திறக்கவே வேண்டாம். குறியீடு இறங்கிய பிறகு, அழுத்தாமல் தூரிகையால் மட்டும் எடுங்கள். சாம்பல் துகள் கீறும்.

வாங்கிய பெட்டியோ கிட்டோ குறையுள்ளதாக இருந்தால்

'தூசி புகாது' என்று விற்ற பெட்டியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், பொருள் விளம்பரத்தோடு பொருந்தவில்லை. உறுப்பு குறைந்த கிட், வெடித்து வந்த அக்ரிலிக் மூடி ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்திலும், சொன்ன வர்ணனைக்கு ஏற்பவும் இருக்க வேண்டும் என்கிறது. குறை இருந்தால் பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணத்தைத் திரும்பக் கேட்பது ஆகியவை உங்கள் உரிமை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது', 'பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் பணம் கிடையாது' என்ற அறிவிப்புகளால் அந்த உரிமை போய்விடாது. ஆனாலும் வீடியோ எடுத்து வைப்பது நல்லது, சான்றுக்கு உதவும்.

கடைக்காரர் மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞர் கிடையாது, 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத வணிகர் குற்றவாளியாவார். உள்நாட்டு வாணிப அமைச்சின் புகார் எண் 1-800-886-800.

மூன்று எல்லைகளை நினைவில் வையுங்கள். பழைய சேகரிப்பை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் அவர் வணிகர் அல்ல. அந்த வழக்கு மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போகும், உச்சவரம்பு 5,000 ரிங்கிட். பாலம் கடந்து சிங்கப்பூர்க் கடையில் வாங்கியதற்கு அங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான் வழி. வரம்பு 20,000 சிங்கப்பூர் வெள்ளி, 2 ஆண்டுக்குள். கூடாது என்று புட்டியிலேயே எழுதியிருந்தும் தின்னர் ஊற்றித் துடைத்தால் அந்த நட்டம் உங்களுடையதே.

பக்கத்து வீட்டிலிருந்து வரும் தூசி

குப்பை, இலை, கழிவை எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். தீ பரவும் நிலையில் 999. மற்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727. சமய வழிபாட்டுக்கு எரிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. பக்கத்துச் சீனக் குடும்பம் முன்னோருக்குக் காகிதம் எரித்தால் பேசித்தான் வழி தேட வேண்டும். நம் வீட்டுச் சாம்பிராணிப் புகையும் அவர்கள் பக்கம் போகிறது.

வீடு புதுப்பிக்கும் தூசிக்கு, தரைவீடு என்றால் ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்களில் உங்களுக்கு உரியதிடம் புகார் செய்யுங்கள். வேலைக்கு அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் முதல் புகார் நிர்வாக அலுவலகத்துக்கு, எழுத்தில். அங்கே தீராவிட்டால் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது.

எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது சான்றைத்தான். ஒவ்வொரு மாதிரியையும் நான்கு பக்கமும் படமெடுத்து, வாங்கிய ரசீதோடு சேர்த்து வையுங்கள். தூசி விழுந்த நாளையும் படத்தையும் அன்றே குறியுங்கள். சேதத்தைப் படமெடுத்து முடிக்கும்வரை அதைத் துடைக்காதீர்கள்.