அஞ்சறைப் பெட்டியும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

உங்கள் அஞ்சறைப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கடுகுக்கு ஓர் அறை, மிளகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. இங்கிலீஷ்காரரைக் கேட்டால் இதைக் 'கிளாஸிஃபைட்' என்பார். இனம் பிரித்து வைத்தது என்று பொருள். பழைய ரோமாபுரியில் சொத்து மதிப்பை வைத்துக் குடிமக்களைப் பிரித்தார்கள். அந்தப் பிரிவுக்குக் 'கிளாஸிஸ்' என்று பெயர். நம் குழந்தைகள் படிக்கும் 'கிளாஸ்'கூட அதன் பேரப்பிள்ளைதான்!

பத்திரிகையில் பொடி எழுத்தில் 'வரன் தேவை', 'வீடு வாடகைக்கு' என்று வருகிறதே, அந்த வரி விளம்பரங்களுக்கும் இதே பெயர்தான். தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடுவதால் வந்த பெயர். அவற்றுக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசைக் கேளுங்கள்: லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை முதல் பக்கத்தில் செய்தி போட ஆரம்பித்ததே 1966 மே 3-ஆம் தேதிதான். அதுவரை அந்த இடம் விளம்பரங்களுக்கு!

இதே சொல் சர்க்கார் கோப்பின் மேல் ஏறினாலோ, கதை தலைகீழ். ஊரெல்லாம் பார்க்கட்டும் என்பது போய், ஒருவரும் பார்க்கக் கூடாது என்றாகிவிடுகிறது. அங்கேயும் நடப்பது பிரிப்பதுதான். நம் அரசாங்கத்தில் இரகசியத்துக்கு நாலு படி உண்டு. பரம இரகசியம் எல்லாவற்றுக்கும் மேல் படி. இப்படித் 'தரம் பிரித்தது' என்பதே நாளடைவில் 'மறைத்து வைத்தது' என்று ஆகிவிட்டது.

இந்தப் படிகளில் அகப்பட்டுக்கொண்ட ஒரு குடும்பம் உண்டு. 1945 ஆகஸ்ட் 18-ஆம் தேதி தைபேயில் நேதாஜி சென்ற விமானம் விபத்துக்குள்ளானதாகச் செய்தி வந்தது. அவர் மாண்டாரா, பிழைத்தாரா என்று எத்தனை வாதப் பிரதிவாதங்கள்! கோப்புகளோ பூட்டியே கிடந்தன. 2015 செப்டம்பரில் மேற்கு வங்க சர்க்கார் 64 கோப்புகளை வெளியிட்டது. மறு வருஷம் ஜனவரி 23, அவருடைய பிறந்த நாளன்று, மத்திய சர்க்கார் 100 கோப்புகளை வெளியிட்டது. சுதந்திரம் வந்த பிறகும் உளவுத் துறையினர் கல்கத்தாவில் இருந்த அவருடைய உறவினர்களின் கடிதங்களைப் பல வருஷம் பிரித்துப் படித்து வந்தார்கள் என்பதும் 2015-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. நமக்கு வரும் கடிதத்தை மாமியார் பிரித்துவிட்டாலே எப்படி இருக்கிறது!

போகட்டும், அஞ்சறைப் பெட்டியை மூடி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் உளுந்து டப்பாவின் அடியில் மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த நோட்டு நாலில் எந்தப் படி என்று நான் கேட்கப்போவதில்லை.