வணிகப் பிணக்கும் சமரசமும்

வாணிகத்திற்குப் பொருள் முதலாகும். அதனினும் சிறந்த முதல் நம்பிக்கை. கொள்வோரும் கொடுப்போரும் நேர்மையுடையவராயினும், சரக்கின் தரம், விலை, தவணை ஆகியவை பற்றி அவர்களிடையே பிணக்குத் தோன்றுதல் இயல்பு. அதனை நம்பிக்கை கெடாமல் தீர்ப்பதற்கு உரிய வழிகளுள் ஒன்று சமரசம்.

நூல் வணிகர் ஒருவர் பின்னலாடை ஆலை ஒன்றுக்கு எட்டு இலட்சம் ரூபாய் மதிப்புள்ள நூலை அனுப்பினார் எனக் கொள்க. நூலில் பழுதுண்டு என்று கூறி ஆலையார் பணம் தர மறுக்கின்றனர். வழக்கு மன்றம் ஏறினால், நீதிபதி சான்றுகளை ஆராய்ந்து தீர்ப்பளிப்பார். ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். தோற்றவர் மேல்முறையீடு செய்யவும் கூடும். வழக்கு முடிவதற்குள் இருவரிடையே நிகழ்ந்த வாணிகமே அற்றுப்போதலும் உண்டு.

சமரச முறை இதனின் வேறானது. சமரசர் தீர்ப்புக் கூறுவதில்லை. அவர் இரு திறத்தாரையும் ஒருங்கே அமர்த்தி, அவரவர் கூற்றைக் கேட்பார்; வேண்டுமிடத்துத் தனித்தனியேயும் உரையாடுவார். ஒருவர் மறைவாகக் கூறியதை அவர் இசைவின்றி மற்றவர்க்கு உரையார். ஆதலின் இருவரும் அஞ்சாது மனம் திறப்பர். ஆலையார்க்கு வேண்டுவது பழுதற்ற நூல். வணிகர்க்கு வேண்டுவது முடங்கிய பணம். பழுதுற்ற நூலை மாற்றித் தருவதென்றும், பணத்தை இரு தவணைகளில் செலுத்துவதென்றும் அவர்களே முடிவு செய்யலாம். தாமே செய்த முடிவாதலின், அதனைக் காப்பதிலும் அவர்கள் கருத்தாயிருப்பர்.

2005ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பெற்றது. 2018ஆம் ஆண்டில் வணிக நீதிமன்றச் சட்டம் திருத்தப்பட்டது. மூன்று இலட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கைத் தொடுப்போர் முதலில் சமரசத்தை நாடவேண்டும் என அது விதித்தது. உடனடி இடைக்கால ஆணை வேண்டும் வழக்குகளுக்கு இவ்விதி பொருந்தாது. இவ்விதி கட்டாயமானதே என 2022ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. இம்முறையில் எட்டிய உடன்பாடு எழுதப்பெற்று, இரு திறத்தாரும் சமரசரும் கையொப்பமிட்டபின், சட்டப்படி நிறைவேற்றத் தக்கதாகும்.

எல்லாப் பிணக்கும் இவ்வாறு தீரும் என்பதில்லை. ஒரு திறத்தார் வர மறுப்பினும், இசைவு தோன்றாவிடினும் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும். ஆயினும், நாளையும் கொண்டு கொடுத்து வாழவேண்டிய இருவர்க்கு, வெற்றியினும் இணக்கமே பெரிய ஊதியமாம்.