நாய், பூனைகளின் முழங்கை முறிவு

தோட்டங் காக்கும் நாயோ, நெல் மூட்டைகளை எலிகளினின்று காக்கும் பூனையோ முன்காலை ஊன்றாது தூக்கி நடப்பின், மூங்கிற் சிலாகை வைத்துக் கட்டினாற் போதுமென்று எண்ணுவோர் நம்மிற் பலர். முழங்கைக்குக் கீழ் என்பின் நடுவில் முறிந்த இளங்குட்டிகளிற் சில அவ்வாறு குணமடைவதும் உண்டு. ஆனால், முழங்கை மூட்டில் ஏற்படும் முறிவு அத்தகையதன்று.

புயவென்பின் கீழ்முனை இரு குமிழ்களாக அமைந்துள்ளது. உடலின் பாரம் பெரும்பாலும் வெளிக்குமிழின் மீதே தங்குகிறது. அதனை மேலுள்ள என்புடன் இணைக்கும் பாகமோ மெல்லியது. ஆகையால், நான்கு மாதக் குட்டியொன்று சிறுவர் கையிலிருந்து துள்ளி விழுந்தாலும் அக்குமிழ் பிளந்துவிடக்கூடும். பூனைக்கு அப்பகுதி உறுதியானதாதலின் இவ்வகை முறிவு குறைவு; வாகனம் மோதினாலோ உயரத்திலிருந்து விழுந்தாலோ நேர்வதுண்டு.

மூட்டுக்குள் முறிந்த என்பு மயிரிழையும் பிசகாது பொருந்துதல் வேண்டும். சிறிது ஏறி இறங்கிப் பொருந்தினும் வழுவழுப்பான கசியிழையம் தேய்ந்து, மூட்டு விறைத்துவிடும். வெளிக்கட்டு இதற்கு உதவாது. நாயின் மேற்கை உடலோடு ஒட்டியிருப்பதால் கட்டு வழுகி இறங்கி, முறிவுக்குக் கீழே பாரமாகத் தொங்கி, அதனை மேலும் அசைக்கும்.

எனவே சத்திரசிகிச்சையே தக்க வழி. மிருக வைத்தியர் எக்ஸ்-கதிர்ப்படம் பிடித்து, விலங்கை மயக்கி, இரு குமிழ்களையும் குறுக்காக ஒரு திருகாணியால் இறுக்குவார். துண்டு சுழலாதபடி ஊசியோ சிறு தகடோ சேர்ப்பார். இரு குமிழ்களும் பிரிந்திருப்பின் வேலை மிகக் கடினம். முழங்கையின் பின்முனை முறிந்தால், அங்கே பற்றியுள்ள பெருந்தசை துண்டினை மேல்நோக்கி இழுக்கும். அதற்கு இரு ஊசிகளைச் செலுத்தி, 8 என்ற எண்ணின் வடிவிற் கம்பி சுற்றுவர். தசையின் இழுப்பே முறிவை நெருக்கி ஒட்டவைக்குமாறு செய்யும் இவ்வுபாயம் வியக்கத்தக்கது.

இவையாவும் முதற் சில நாட்களுக்குள் நடைபெறல் வேண்டும். நாட்சென்றால் தசைகள் சுருங்கி, புதிய என்பு இடையில் வளர்ந்து, சரியாகப் பொருத்துதல் அரிதாகிவிடும்.

வைத்தியரிடம் சேர்க்கும்வரை முழங்கையைக் கட்டாது, பெட்டியிலோ பலகையிலோ அசையாது கிடத்துக. காயமிருப்பின் சுத்தமான துணியால் மூடுக. எண்ணெய், மஞ்சள் பூசற்க. மனிதர் உண்ணும் நோமாத்திரை எதனையும் கொடாதீர். பரசிற்றமோல் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும். வாகனம் மோதியதாயின் முதலிற் கவனிக்க வேண்டியது மூச்சு. கால் அதன் பின்னரே.

சிகிச்சைக்குப்பின் ஏறத்தாழ ஆறு வாரம் சிறு அறையிலோ கூட்டிலோ வைத்து, வெளியே விடும்போது நாயைக் குறுகிய கயிற்றிற் பிடித்தே நடத்துக. நன்றாக நடக்கத் தொடங்கிய நாயை இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுவதே பெருந்தவறு. திருகாணி தளர்வதற்கு அதுவே போதும்.

இச்சிகிச்சை எல்லா இடத்தும் கிடைப்பதன்று. உங்கள் பகுதி மிருக வைத்தியரைக் கண்டால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர் கூறுவார். செலவு தாங்க இயலாதாயின் அதனையும் அவரிடம் மறையாது சொல்லுக. வலியுடன் தொங்கும் காலை நீக்கிவிடினும், பெரும்பாலான நாயும் பூனையும் மூன்று காலால் நன்கு நடமாடும்.